சொந்தக் குழாய்க்கு ஒரு விலைப்புள்ளி

ஒரு மனிதனின் பேச்சுக்கும் அவன் வலது கைக்கும் சேர்த்து விலை ஒன்பதாயிரத்து நானூறு. வரி தனி.

இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கழுத்து ரத்தக்குழாயில் வைத்துத் தைக்கும் ஒட்டுகளின் விலைப்பட்டியலில், இருப்பதிலேயே மலிவான சரக்குக்கு நேராக அந்தத் தொகை அச்சாகி இருந்தது. கட்பீஸ்காரர் அதைப் படித்தார். படித்ததும் வாய் தன் பாட்டுக்குக் கேட்டது: "கடைசி விலை என்ன?"

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முப்பத்தோரு வருஷமாக மில்களில் மிஞ்சும் துண்டுத் துணியை எடைக்கு வாங்கி அளவுக்கு விற்றவர். தெருவே அவரைக் கட்பீஸ்காரர் என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்தால், அதில் பருத்தி எவ்வளவு, பாலியெஸ்டர் எவ்வளவு, விற்க வந்தவன் பேச்சில் பொய் எவ்வளவு என்று மூன்றையும் சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு திங்கட்கிழமை காலை, கடையில் உட்கார்ந்திருக்கும்போதே, இடது கண்ணில் மேலிருந்து கீழாக இருட்டு இறங்கியது. "யாருப்பா ஷட்டரை இறக்கினது?" என்று கத்தினார். யாரும் இறக்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் இருட்டு தானே ஏறிக்கொண்டது. கண்ணைக் கசக்கிவிட்டு வியாபாரத்தைப் பார்த்தார். மறுநாள் வலது கையின் விரல்கள் கால் மணி நேரம் யாரோ இரவல் கொடுத்த விரல்கள் மாதிரி ஆயின. அந்தக் கால் மணி நேரத்தில் அசல் பட்டுத் துண்டு ஒன்றைப் பாலியெஸ்டர் விலைக்கு விற்றுவிட்டார்.

கண் இருண்டதற்குக் கலங்காத மனைவி இதற்குக் கலங்கிப் போனாள். "இந்த மனுஷன் ஏமாந்துட்டாருன்னா உள்ள ஏதோ பெரிசா கெட்டுப்போச்சு" என்று கடையைப் பூட்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அறுவை மருத்துவர் கழுத்தை எடுத்த படத்தை விளக்கு வெளிச்சத்தில் மாட்டினார். மெலிந்த ஆள். பேச்சுக்குப் பேச்சு கை கழுவும் பழக்கம்.

"கழுத்துல இடது பக்கம் மூளைக்குப் போற குழாய்ங்க இது. உள்ள கொழுப்பு படிஞ்சு முக்கால்வாசி அடைச்சிருக்கு. கண்ணு, கை ரெண்டும் காட்டினது எச்சரிக்கை. குழாயைத் திறந்து, சுரண்டி எடுத்துட்டு, ஒரு ஒட்டு வெச்சுத் தெச்சா சரியாயிடும். பதினாலு நாளுக்குள்ள பண்ணணும்."

"பண்ணலைன்னா?"

"அடுத்தது எச்சரிக்கையா வராது. பேச்சு போகலாம். வலது கை போகலாம்."

"ரெண்டும்தாங்க என் கடையே" என்றார் கட்பீஸ்காரர். "நாளைக்கே வெச்சுத் தெச்சுடுங்க. ஒட்டு போடறதென்ன, நாங்க பாக்காத ஒட்டா?"

மருத்துவர் எழுந்து போய்க் கை கழுவினார்.

ஆஸ்பத்திரியில் ஒட்டுகளை ஒப்பிட ஒரு குழு இருந்தது. ஒட்டு வைக்காமல் வெறுமனே தைத்து மூடினால் குழாய் மறுபடி குறுகிப் போகிறது என்று நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குழு கண்டுபிடித்தது, சரியான கண்டுபிடிப்புதான். அன்றைக்கே ஓர் ஆணை போட்டது: இனி ஒட்டில்லாமல் யாருக்கும் மூடக் கூடாது. எந்த ஒட்டு என்பதை அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வதாகவும், அதுவரை யார் கழுத்தையும் திறக்கக் கூடாதென்றும் சொல்லி எழுந்தது. அடுத்த கூட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது.

"நாலு வருஷமாவா?" என்றாள் மனைவி.

"பாலியெஸ்டர்ல நெய்த ஒட்டு ஒண்ணு. ஒட்டாத வாணலியில பூசுவாங்களே, அந்தச் சரக்குல பண்ணினது ஒண்ணு. மாட்டோட இதயத்தைச் சுத்தி இருக்கிற சவ்வு ஒண்ணு. மூணையும் ஒப்பிட்டுட்டிருக்காங்கம்மா."

"நீங்க எதை வைப்பீங்க?"

"எதை வெச்சாலும் பெரிய வித்தியாசம் இல்ல. வைக்கணும், அவ்வளவுதான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாலாவது ஒண்ணு இருக்கு. உங்க வீட்டுக்காரரோட கணுக்கால்லருந்தே ஒரு ரத்தக்குழாய்த் துண்டை எடுத்துப் பிரிச்சு வெச்சா, அதுவே அருமையான ஒட்டு. செலவே இல்ல. ஆனா அதை விக்கிறதுக்கு ஆளில்லாததால குழுவில அதைப் பத்திப் பேசவும் ஆளில்ல."

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "கடையை வித்துட்டு வேற ஆஸ்பத்திரிக்குப் போவோம். காப்பீட்டு அட்டை இங்க மட்டும்தான் செல்லும்னா செல்லட்டும். அட்டையைத் தூக்கிப் போடுங்க."

"சும்மா கிடைக்கிற சரக்குக்குக் கடையை விக்கிறதா? நல்லாருக்கே. பதினாலு நாள் இருக்கு. இவங்ககிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் கட்பீஸ்காரர். இப்போது நினைத்தால், அடைப்பு கழுத்தில் மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

கொள்முதல் பிரிவு சலவைக்கூடத்துக்கு அடுத்த அறையில் இருந்தது. ஈரத் துணி வாடையும் பழைய கோப்பு வாடையும் சேர்ந்து அங்கே மூன்றாவதாக ஒரு வாடை பிறந்திருந்தது. கொள்முதல் அதிகாரி விரலில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு காகிதம் தள்ளிக்கொண்டிருந்தார். தன் கணுக்கால் குழாயையே ஒட்டாகத் தர வந்திருப்பதைக் கட்பீஸ்காரர் அவரிடம் சொன்னார்.

"கழுத்து ஒட்டுக்கு ஏன் சார் போர்வை வாங்கற ஆபீசு?"

"ஒட்டுன்னா என்ன? துணி. துணி எங்க பிரிவு" என்றார் அதிகாரி. "மொதல்ல வந்த மாதிரித் துண்டு பாலியெஸ்டர். அப்ப துணின்னு பதிஞ்சுட்டோம். அப்புறம் மாட்டுச் சவ்வு வந்தது. ஒரே உபயோகத்துக்கு வர்ற சரக்கு ரெண்டு தலைப்புல இருக்கக் கூடாதுங்களே. அதனால சவ்வும் துணிதான்."

படிவத்தை நீட்டினார். நிறம், அகலம், இருபது முறை துவைத்தபின் சுருக்கம், இஸ்திரி சூடு தாங்குமா, ஓரம் பிரியுமா, காஜா உண்டா.

"இதெல்லாம் தலையணை உறைக்குக் கேக்கற கேள்வி" என்றார் கட்பீஸ்காரர். அவருக்குத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரிக்கு நானூறு தலையணை உறை போட்டவர்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அப்ப நீங்க பதிவான வியாபாரி! முன்னயே சொல்லக் கூடாதா? சொந்தக் குழாயைத் தர்றோம்னு உங்களுக்கு முன்னாடி ஆறு பேர் வந்தாங்க. பதிவில்லாத ஆட்கள். வெறும் நோயாளியா இருக்கிற ஒருத்தர்கிட்ட எப்படிச் சரக்கு வாங்கறது? தள்ளிட்டோம்."

"அவங்க என்ன ஆனாங்க?"

"தள்ளுபடி" என்றார் அதிகாரி.

முன்வைப்புத் தொகை ஆயிரம் கட்டினார். விலைக் கட்டத்தில் சுழியம் என்று எழுதினார். சுழியம் விலை ஆகாது, அது விலை எழுத மறந்ததாகத்தான் கணக்கு என்று இரண்டு நாள் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. சுழியத்தை அடித்து ஒன்று என்று எழுதினார். எழுதும்போது அவருக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்ததை மனைவி கவனித்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "ஒண்ணுன்னு போட்டது தப்போ? ரெண்டு போட்டிருக்கலாம்" என்றார்.

"அது உங்க கால். விக்கப் போனது உங்க கழுத்துக்கு. வாங்கறது உங்க காப்பீட்டுப் பணத்துல. இதுல லாபம் எங்க வருது?"

"வரும்" என்றார்.

ஐந்தாம் நாள் மாதிரி கேட்டுக் கடிதம் வந்தது. ஒப்பந்தத்தில் இறங்குகிற எவரும் ஆறு சென்டிமீட்டர் நீளத்தில் மாதிரித் துண்டு கொடுத்தாக வேண்டும். மற்ற மூன்று கம்பெனிகளும் வெள்ளி நிறப் பொட்டலத்தில் கொடுத்துவிட்டன. கட்பீஸ்காரரை மேசையில் படுக்கவைத்து, வலது கணுக்காலை மரத்துப்போக வைத்து, அறுவை மருத்துவரே அறுத்து எடுத்தார். எடுத்த துண்டு தட்டில் கிடந்தது, நனைந்த நாடாவைப் போல. பக்கத்திலேயே, அறுக்க வேண்டிய இடம் என்று மருத்துவர் பெருக்கல் குறி போட்டு வைத்த கழுத்து.

மனைவி கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். "டாக்டர், அறுத்தது அறுத்தாச்சு. கையிலயே இருக்கு. அப்படியே கழுத்தைத் திறந்து வெச்சுத் தெச்சுட்டா என்ன?"

"இது மாதிரிம்மா. மாதிரியை உபயோகப்படுத்தக் கூடாதுன்னு எழுத்துல உத்தரவு இருக்கு."

"உங்களுக்கு வெக்கமா இல்ல?"

மருத்துவர் கை கழுவப் போனார். அன்றைக்கு நெடுநேரம் கழுவினார்.

துண்டைச் சலவைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். விதிப்படி இருபது முறை துவைக்க வேண்டும். போர்வைகளோடு, சோடாக் காரத்தில், கொதிநீரில். சோதனை அறிக்கை எட்டாம் நாள் வந்தது: சாயம் போகவில்லை, சுருக்கம் கணக்கிட முடியவில்லை, மூன்றாம் சலவைக்குப் பின் மாதிரி காணப்படவில்லை. வியாபாரி உடனே மறு மாதிரி தரவும்.

இடது கணுக்காலும் போயிற்று. இந்த முறை அதிகாரி எச்சரிக்கையாக இருந்தார். துண்டு தொலையாமலிருக்க அதை ஓர் அட்டையில் வைத்துக் காகிதம் தைக்கும் கம்பியால் நான்கு மூலையும் அடித்து, மேலே முத்திரையும் குத்தி, அப்படியே சலவைக்கு அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் அட்டை கோப்பில் சேர்ந்தது. கோப்பைத் திறந்தவர்கள் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நாற்றம் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லாததால் அதை யாரும் எழுதவில்லை.

"இன்னும் தொடையில இருக்கு" என்று மருத்துவர் மெல்லச் சொன்னார். "நாளைக்குக் குழு கூடுது. நாளைக்கு ஒத்துக்கிட்டாங்கன்னா, நாளன்னிக்கிக் காலையிலயே பண்ணிடறேன். பதினாலாம் நாள். சரியா இருக்கும்."

"நீங்களும் கூட்டத்துக்கு வாங்களேன்" என்றாள் மனைவி.

"ஒட்டை உபயோகிக்கிறவர் கூட்டத்துல இருந்தா அவருக்கு ஒரு பக்கம் சாய்வு வந்துடுமாம். என்னை விடமாட்டாங்க."

பதின்மூன்றாம் நாள் கட்பீஸ்காரர் இரண்டு கணுக்காலிலும் கட்டோடு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தாங்கித் தாங்கிக் கூட்ட அறைக்குள் போனார். மனைவியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே போகும் முன் அவள் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "என்ன விலை சொன்னாலும் சரின்னு சொல்லிட்டு வாங்க. சும்மா கேட்டா சும்மா குடுங்க. நம்ம கடை இல்ல இது. கேட்டுதா?"

"கேட்டுது, கேட்டுது."

நீள மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு தட்டு பிஸ்கட். நடுவில் குழுத் தலைவர். பத்து வருஷமாக ஒரு நோயாளியையும் தொடாத கை, வெண்ணெய்க் கட்டிபோல மேசைமேல் கிடந்தது. அவர் எழுந்து பேசினார்.

"ஒரு உயிரைக் காப்பாத்தறது பெரிய விஷயமில்ல. வழியில போற எவனும் காப்பாத்திடுவான். ஒப்பிட்டுக் காப்பாத்தணும். அதுதான் நம்ம நிறுவனத்துக்கும் வழியில போறவனுக்கும் வித்தியாசம். இந்த நாலு வருஷத்துல இந்தக் குழு ஒரே ஒரு தப்பான ஒட்டைக்கூட வாங்கினது இல்ல." கைதட்டல். "வெளியில சில பேர், சரியான ஒட்டும் வாங்கலியேன்னு கேக்கறாங்க. வாங்காத பொருள்ல தப்பு எப்படி வரும்னு நான் திருப்பிக் கேக்கறேன். இந்த நாலு வருஷத்துல நம்ம ஒட்டால ஒரு நோயாளிக்கு, ஒரே ஒருத்தருக்கு, தீங்கு வந்ததுன்னு காட்டட்டும்!" மறுபடி கைதட்டல். பிஸ்கட் தூள் பறந்தது.

அதிகாரி கோப்பைப் பிரித்தார். நாற்றம் ஒரு சுற்று வந்துவிட்டுப் போனது. "நாலுலயும் குறைஞ்ச விலை இவர்து. ஒண்ணு. விதிப்படி, குறைஞ்ச விலைக்காரர்கிட்ட இன்னும் குறைக்கச் சொல்லிக் கேக்கணும்."

"எவ்வளவு குறைப்பீங்க?" என்றார் தலைவர்.

கட்பீஸ்காரர் வாயைத் திறந்தார். சரி என்று சொல்லத்தான் திறந்தார் என்று நம்ப ஆசை. ஆனால் முப்பத்தோரு வருஷத்தில் முதல் கேட்பிலேயே சரி என்று அந்த வாய் சொன்னதில்லை.

"கட்டாதுங்க" என்றார்.

பன்னிரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். கூட்டத்துக்கு உயிர் வந்தது.

"முக்கால்?"

"கட்டாதுங்க. ரெண்டு கணுக்கால் மாதிரியிலயே போயிருக்கு. எனக்கு அடக்கமே எகிறிப் போச்சு. இதுல நீங்க..." சொல்லிக்கொண்டே பழக்கதோஷத்தில் வலது கையை நீட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்க்கப் பார்த்தார். விரல்கள் தேயவில்லை. கை மேசையில் தொப்பென்று விழுந்து அப்படியே கிடந்தது. வாக்கியம் பாதியில் நின்றது.

பன்னிரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா, நிறுத்திட்டார்" என்று அதிகாரி தலைவர் காதில் கிசுகிசுத்தார். "பழம் தின்னு கொட்டை போட்ட வியாபாரி. வாயைத் திறக்காமலே ஏத்துவாங்க. சரிங்க, நீங்க கேட்ட ஒண்ணே தர்றோம்."

கட்பீஸ்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணரை."



"சிரிக்கிறார் பாருங்க" என்றார் ஓர் உறுப்பினர். "ஒரு பக்கமா."

"அஞ்சு. பத்து. ஐயா, ஒரு வார்த்தை சொல்லுங்க. நூறு?"

வலது கடைவாயிலிருந்து எச்சில் ஒரு நூலாக இறங்கிச் சலவைச் சட்டையில் விழுந்தது. உறுப்பினர் ஒருவர் நாகரிகம் கருதிப் பார்வையைத் திருப்பிக்கொண்டு பிஸ்கட்டை எடுத்தார். இவருக்கு அடுத்த குறைந்த விலை ஒன்பதாயிரத்து நானூறு. அதற்குக் கீழே எது கொடுத்தாலும் லாபம்தான் என்று தலைவர் நினைவுபடுத்தினார். ஐநூறு, ஆயிரம், மூவாயிரம் என்று ஏறினார்கள். கட்பீஸ்காரர் அசையவில்லை. அப்படி ஒரு பேரத்தை அவர் ஆயுளில் நடத்தியதில்லை.

"ஒன்பதாயிரத்து முன்னூத்தித் தொண்ணூத்தொன்பது" என்றார் அதிகாரி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "இதுக்கு மேல விதி இடம் தராதுங்க."

"மறுப்புச் சொல்லலியே? ஒத்துக்கிட்டதா எழுதுங்க" என்றார் தலைவர்.

வெளியே பெஞ்சில் மனைவிக்குக் கதவின் இந்தப் பக்கம் விலைகள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. நூறில் அவள் திடுக்கிட்டாள். ஆயிரத்தில் எழுந்தாள். மூன்று தடவைக்கு மேல் விலை கேட்டும் அவள் புருஷன் பேசாமல் இருந்த நாள் கிடையாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒருபக்கமாகச் சரிந்த அந்த முகத்தைப் பார்த்தாள்.

"அடப்பாவிங்களா! நீங்க டாக்டருங்கதானே? பன்னெண்டு பேர் உக்காந்திருக்கீங்களே, ஒருத்தனுக்குமா தெரியல?"

"அம்மா, ஒப்பந்தம் முடியற கட்டத்துல குறுக்க வரக் கூடாது" என்றார் தலைவர்.

அறுவை மருத்துவர் அன்று மாலையே படம் எடுத்துப் பார்த்தார். குழாய் முழுவதும் மூடிவிட்டது.

"இப்பவாவது திறப்பீங்களா?" என்றாள்.

"முழுசா மூடினதைத் திறக்கறதில்லம்மா. திறந்தா ஆபத்துதான் அதிகம்."

"அப்ப ஒட்டு?"

"இனிமே ஒட்டு தேவையில்ல" என்று சொல்லிவிட்டு மருத்துவர் குழாயடியைப் பார்த்தார். மனைவி அவருக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றாள். "போங்க, கழுவுங்க."

ஒன்றரை மாதம் கழித்துக் கட்பீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். வலது கை மடியில் கிடந்தது. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. இப்படிப்பட்டவர்களுக்குப் பழகிய சொல் ஒன்று சில சமயம் தங்கிப்போவது உண்டு என்று மருத்துவர் சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்றாலும், விளக்கை அணைக்கட்டுமா என்றாலும் அந்தச் சொல்தான்.

குழுவின் அறிக்கையும் வந்தது. நான்கு ஒட்டுகளுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் காணப்படவில்லை. ஆகவே மேலும் ஒப்பிட வேண்டியிருக்கிறது. அதோடு ஒரு கணக்குச் சீட்டு இணைத்திருந்தார்கள். மனைவி கடையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே நின்று உரக்க வாசித்தாள்.

"ஒத்துக்கொண்ட விலை, ஒன்பதாயிரத்து முன்னூத்தித் தொண்ணூத்தொன்பது. சரக்கு தராததால் கொடுக்க வேண்டியது, ஒன்றுமில்லை. மாதிரி துவைத்த கூலி, இருபது தடவையா ரெண்டு மாதிரிக்கு, அறுநூறு. மூணாவது துவைப்புலயே தொலைச்சதுக்கும் இருபதுக்கே போட்டிருக்கான். மாதிரி காணாமற்போனதற்கு அபராதம், இருநூத்தி அம்பது. கெடுவுக்குள் சரக்கு ஒப்படைக்காத அபராதம், தொள்ளாயிரத்து நாப்பது. கூட்டத்துக்கு இடையூறு, நூத்திப் பத்து. அது நான். மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரம். நீங்க கட்டின ஆயிரம் போக, நாம தர வேண்டியது தொள்ளாயிரம்."

"கட்டாது" என்றார் கட்பீஸ்காரர்.

மனைவி சீட்டைத் திருப்பிப் போட்டாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். அவரிடமிருந்துதான் அந்தப் பழக்கம் வந்திருந்தது.

"அவங்க கணக்கு அப்படின்னா நம்ம கணக்கு இப்படி. விலை அவங்களே வெச்சது. ஒன்பதாயிரத்து முன்னூத்தித் தொண்ணூத்தொன்பது. நாம சரக்கு குடுத்தாச்சு. ரெண்டு கணுக்கால், ஒரு கை, ஒரு வாய். அவங்க கேக்கற தொள்ளாயிரத்தை அதுல கழிச்சுக்கட்டும். நமக்கு வர வேண்டியது எட்டாயிரத்து நானூத்தித் தொண்ணூத்தொன்பது." நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இந்த விலைக்கு முடிச்சுக்கலாமா?"

அவர் இடது கையால் சீட்டை வாங்கி, ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, மெதுவாக ஒரு தேய் தேய்த்தார்.

"கட்டாது."

அவளும் அதையேதான் நினைத்தாள். சீட்டை வாங்கி, அடியில் ஒரு கோடு இழுத்து எழுதினாள்: வர வேண்டியது 8,499. வந்தது இல்லை. விலை இன்னும் பேசி முடியவில்லை.